உங்களுக்குத் தெரியுமா? இருட்டில் இறக்கையோடு இறக்கை

இந்த முறை போர் விமானங்களின் வெளி விளக்குகள் பற்றியும், அந்த விளக்குகளை நம்பி நள்ளிரவில் அணியாகப் பறக்கிறவர்களைப் பற்றியும்.

விருந்தாளி மேனியில் ஒட்டியிருந்த பட்டைகள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில் பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது நினைவிருக்கும். எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பியது அது. வானிலை மோசமாகிக் கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை, எரிபொருளும் குறைந்துவிட்டது. இறங்கிய பிறகு ஹைட்ராலிக் கோளாறு. ஜூலை 22 அன்றுதான் மறுபடி கிளம்பியது. இடையில் ஐந்து வாரத்துக்கும் மேலாக ஊரே அதைப் பற்றிப் பேசியது. கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே போட்டது.

பத்திரிகைகளில் வந்த அதன் படங்களை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். உடலின் பக்கவாட்டில் வெளிறிய நிறத்தில் சிறு பட்டைகள் தெரியும். பகலில் பெயின்டோடு பெயின்டாகக் கிடக்கும். ஸ்டிக்கர் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அவை விளக்குகள். இருட்டில், பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானிக்காக மட்டுமே ஒளிர்பவை.

பயணிகள் விமானத்தின் விளக்கு ஊருக்கே தெரிய வேண்டும். போர் விமானத்தின் விளக்கு தோழனுக்குத் தெரிய வேண்டும், எதிரிக்குத் தெரியக் கூடாது. கீழே வரும் எல்லாமே இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்.

இடம் சிவப்பு, வலம் பச்சை

எந்த நாட்டு விமானமானாலும் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. கப்பல்களிடமிருந்து விமானங்களுக்கு வந்த வழக்கம் இது. சிவப்பும் பச்சையும் ஒவ்வொன்றும் 110 பாகை அகலத்துக்கு மட்டும் தெரியும். வால் விளக்கு மீதி 140 பாகைக்கு. கூட்டினால் முழு வட்டம்.

திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கும்போது இதை வைத்தே விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம். உங்கள் வலக்கைப் பக்கம் சிவப்பும் இடக்கைப் பக்கம் பச்சையும் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் விலகிப் போகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் உங்கள் முன்னால் வலமிருந்து இடமாகக் கடக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

வெட்டி வெட்டி மின்னும் வெள்ளை விளக்கு ஸ்ட்ரோப். முதுகிலும் வயிற்றிலும் சிவப்பாகத் துடிப்பது பீக்கன். இரண்டும் மோதலைத் தவிர்க்க. நிமிடத்துக்கு 40-க்குக் குறையாமல் 100-க்கு மிகாமல் மின்ன வேண்டும் என்று விமானம் கட்டுகிறவர்களுக்கு விதியே உண்டு.



    

ஊதுபத்தி நகருமா?

இன்றிரவே செய்து பார்க்கலாம். அறையை முழு இருட்டாக்குங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மூலையில் நிறுத்திவிட்டு, எட்டி உட்கார்ந்து அதன் நுனியை மட்டும் வைத்த கண் வாங்காமல் பாருங்கள். சற்று நேரத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி நகரத் தொடங்கும். மேலே போகும், இடப்பக்கம் ஒதுங்கும், மிதக்கும். ஊதுபத்தி நின்ற இடத்தில்தான் நிற்கிறது. சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாதபோது கண்ணும் மூளையும் சேர்ந்து காட்டும் மாயம் இது. ஜெர்மன் அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1799-லேயே விண்மீன்கள் இப்படி ஆடுவதாகக் குறித்து வைத்தார்; விண்மீன்தான் அசைகிறது என்று அவர் நம்பினார்.

இப்போது அந்த ஊதுபத்தி நுனிக்குப் பதிலாக, மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் முன் விமானத்தின் வால் விளக்கை வையுங்கள். நிலா இல்லை, கீழே அரபிக் கடல், எங்கும் ஒரே கறுப்பு. அந்தப் புள்ளி நகர்வது போலத் தோன்றினால் பின்னால் வரும் விமானி என்ன செய்வார்? நகராத விளக்கைத் துரத்திக்கொண்டு தன் விமானத்தைத் திருப்புவார். அணிப் பறத்தலில் இதைவிட ஆபத்தான காரியம் இல்லை. அதனால் புதிய விமானிகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது: ஒரே புள்ளியை வெறிக்காதே, கண்ணை நகர்த்திக்கொண்டே இரு.

புள்ளி போதாது, கோடு வேண்டும்

ஒரு விளக்குப் புள்ளியைப் பார்த்து அது ஐம்பது மீட்டரில் இருக்கிறதா ஐந்நூறு மீட்டரில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மங்கலான விளக்கு பக்கத்தில் இருந்தாலும் தூரமாகத் தெரியும். பளிச்சென்ற விளக்கு தூரத்தில் இருந்தாலும் கிட்டே இருப்பதாகத் தோன்றும். விமானம் சாய்கிறதா, ஏறுகிறதா என்பதையும் புள்ளி காட்டாது.

நீளமான பட்டை இதையெல்லாம் காட்டும். மூக்கருகே ஒன்று, உடலின் நடுவில் ஒன்று, வாலில் ஒன்று, இறக்கை நுனியில் ஒன்று என்று ஒட்டிவிட்டால், இருட்டில் விமானத்தின் உருவமே கோட்டோவியமாக எழும். முன்னால் போகிறவர் சாய்ந்தால் கோடுகள் சாயும். நெருங்கினால் கோடு நீளும், விலகினால் குறுகும்.

இந்தப் பட்டைக்குள் பல்பு கிடையாது. 1936-இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ, செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடில் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் அது தானே ஒளிர்வதைக் கண்டார். அந்த மின்னொளிர்வுதான் இங்கே வேலை செய்கிறது. சூடு கிடையாது; காகிதம் போலத் தட்டையாகச் செய்து விமானத்தின் தோலிலேயே ஒட்டலாம்; விமானி அறையில் ஒரு குமிழைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த மங்கல் ஒளி கொஞ்சம் தூரம் போனாலே தெரியாது, அதுதான் அதன் பெருமை. அமெரிக்காவின் ஃபாண்டம் விமானங்களில் 1970-களில் இதைப் பிற்பாடு ஒட்டினார்கள். அதன் பிறகு வந்த எஃப்-15, எஃப்-16, எஃப்-18 எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த நிறத்தைப் பார்த்து அங்குள்ள விமானிகள் வைத்த செல்லப் பெயர் 'ஸ்லைம் லைட்'.

லீடரைத் தவிர வேறெதையும் பார்க்காதே

அணியில் முதலில் பறப்பவர் லீடர், பக்கத்தில் வருபவர் விங்மேன். விங்மேனின் வேலை சொல்வதற்கு மிக எளிது. லீடர் விமானத்தில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, அவை எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி தன் விமானத்தை வைத்திருக்க வேண்டும். இறக்கை நுனி விளக்கும் உடலில் ஓர் இடமும் என்று ஒவ்வொரு விமான வகைக்கும் ஒரு கணக்கு உண்டு. கோடு கலைந்தால் இடம் பிசகிவிட்டது என்று பொருள்.

வழிகாட்டுவது, உயரம் பார்ப்பது, மலை வருகிறதா என்று கவனிப்பது எல்லாம் லீடர் பொறுப்பு. விங்மேன் தன் கருவிகளைப் பார்ப்பதே அரிது. அதனால் லீடர் திடீரென்று சாயக் கூடாது, திடீரென்று வேகத்தை மாற்றக் கூடாது. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் விங்மேனின் உள்காது பொய் சொல்லத் தொடங்கும்: நேராகப் பறக்கும்போதே கவிழ்ந்து பறப்பதாக உடம்பு அடித்துச் சொல்லும். உடம்பை நம்பாமல் பக்கத்து விமானத்தின் மூன்று நான்கு கோடுகளை மட்டும் நம்ப வேண்டும். இளம் வயதில் இப்படியொரு கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெரிய வியப்பு.

இந்த நம்பிக்கை எவ்வளவு முழுமையானது என்பதற்குத் துயரமான சான்று ஒன்று. 1982 ஜனவரி 18 அன்று அமெரிக்க விமானப் படையின் 'தண்டர்பேர்ட்ஸ்' சாகசக் குழு நெவாடா பாலைவனத்தில் பயிற்சி செய்தது. வட்டமடித்துக் கீழே இறங்கும்போது லீடரின் விமானத்தால் மேலே எழும்ப முடியவில்லை. மற்ற மூவரும் கண்ணை அவர் மீதே வைத்திருந்ததால் நான்கு விமானங்களும் அணி கலையாமல் தரையில் மோதின. நால்வரும் இறந்தார்கள். அதுவும் பட்டப்பகலில்.

கடைசி ஆள்தான் மின்ன வேண்டும்

நான்கு விமானங்கள் ஒட்டிப் பறக்கும்போது எல்லோரும் ஸ்ட்ரோபைப் போட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவரின் கண் பறிபோகும். மேகத்துக்குள் போனால் ஒவ்வொரு மின்னலும் மேகம் முழுக்கச் சிதறித் தலை சுற்றும். அதனால் முன்னால் பறப்பவர்கள் ஸ்ட்ரோபை அணைத்து, இறக்கை விளக்கையும் மங்கலாக்கிக்கொள்வார்கள். அணியின் கடைசி விமானம் மட்டும் மின்னிக்கொண்டு வரும், வெளியிலிருந்து வருகிற மற்ற விமானங்களுக்கு எச்சரிக்கையாக.

அணிக்கு இன்னொரு தனிச் சலுகையும் உண்டு. தரைக் கட்டுப்பாட்டு அறைக்கு மொத்த அணியும் ஒரே விமானம்தான். லீடரின் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி) மட்டும் பதில் சொல்லும். திரையில் ஒரே ஒரு புள்ளி.

ரேடியோ செத்துப்போனால்? பகலில் கைச் சைகை. இரவில் டார்ச். விமானி தன்னோடு வைத்திருக்கும் சிறிய டார்ச்சை அடித்துப் பக்கத்து விமானத்துக்குச் சேதி சொல்வதற்கு முறையான சைகைகள் இருக்கின்றன.

கேரட் கதை

இரண்டாம் உலகப் போரில் ஜான் கன்னிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் விமானி எதிரி விமானங்கள் இருபதை வீழ்த்தினார், அவற்றில் பத்தொன்பது இரவில். 'பூனைக் கண்' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. கேரட் நிறையச் சாப்பிட்டதால்தான் இருட்டில் கண் தெரிகிறது என்று செய்தி பரப்பினார்கள். உண்மையில் விமானத்துக்குள் ரேடார் வந்திருந்தது. அந்த ரகசியத்தை மூடி மறைக்க வந்தது கேரட். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மை. குறைவில்லாதவர் மேலும் மேலும் தின்றால் பூனையாக மாட்டார்.

கண்ணின் நிஜக் கணக்கு வேறு. விழித்திரையில் மங்கல் ஒளியைப் பார்க்கும் செல்கள் முழுக்கத் தயாராக ஏறத்தாழ அரை மணி நேரம் இருட்டில் இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரச் சம்பாத்தியத்தை ஒரு நொடி பளிச்சொளி அழித்துவிடும். இன்னொரு விந்தை: அந்தச் செல்கள் விழித்திரையின் நட்ட நடுவில் இல்லவே இல்லை. மங்கலான விளக்கை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். இரவு விமானிகள் இந்த ஓரப் பார்வையைப் பயிற்சியாகவே பழகுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு வேண்டுகோளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழாக் கடைகளில் விற்கும் பச்சை லேசர் டார்ச்சை இறங்கிவரும் விமானத்தின் மேல் அடிக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கீழே சின்னப் புள்ளியாக இருக்கும் அந்தக் கதிர், மேலே போகும்போது விரிந்து விமானியின் கண்ணாடி முழுக்க நிரம்பிவிடும். ஓடுபாதை தெரிய வேண்டிய கடைசி நிமிடத்தில் அவருக்குக் கண் இருட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கையில் அது இருந்தால் தயவுசெய்து வாங்கி வைத்துவிடுங்கள்.

இறக்கையில் வெள்ளைப் பட்டை அடித்த விமானம்

1941-இல் பிரிட்டன் ஒரு விநோத சோதனை செய்தது. ஹாவக் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் மூக்கில் பிரம்மாண்டமான தேடுவிளக்கைப் பொருத்தினார்கள். பெயர் டர்பின்லைட். அந்த விமானத்தில் துப்பாக்கியே கிடையாது. ரேடாரால் எதிரியைத் தேடி விளக்கைப் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. சுடுவதற்குப் பக்கத்திலேயே ஒரு ஹரிகேன் விமானம் அணியாக வரும். இருட்டில் அந்த ஹரிகேன் விமானி தோழனை எப்படிப் பிரியாமல் வருவார்? ஹாவக்கின் இறக்கைகளில் வெள்ளைப் பட்டை தீட்டி, அதன் மேல் மட்டும் விழும்படி மறைவான சிறு விளக்குகளை வைத்தார்கள். இன்றைய ஒளிப்பட்டைக்கு இதுவே மூதாதை என்பேன்.

திட்டம் தோற்றது. விளக்கு எரிந்த மறுகணமே எதிரி விமானி திரும்பித் தப்பிவிடுவார். விளக்கடித்தவர் இருக்கும் இடமும் ஊருக்கே தெரிந்துவிடும். 1943 தொடக்கத்தில் அந்தப் பிரிவுகளைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் அணி சேர்வதற்குச் செய்த அந்தச் சின்ன ஏற்பாடு மட்டும் நல்ல யோசனை.

மறைவதற்கும் விளக்கு!

இதைப் படித்தபோது நானே இரண்டு முறை சரிபார்த்தேன். 1943-இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிகளை வேட்டையாடும் அவெஞ்சர் விமானத்தின் முன் விளிம்பில் வரிசையாக விளக்குகளை வைத்துப் பட்டப்பகலில் எரியவிட்டது. பகல் வானத்தில் எந்த விமானமும் கரும்புள்ளியாகத்தான் தெரியும். விளக்கின் ஒளியைப் பின்னால் உள்ள வானத்தின் ஒளியோடு சமமாக்கிவிட்டால் அந்தக் கரும்புள்ளி கரைந்துவிடும். சாதாரணமாகப் பன்னிரண்டு மைல் தொலைவிலேயே கண்ணில் படும் விமானம், விளக்கெரிந்தபோது இரண்டு மைலுக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. திட்டத்தின் பெயர் யெஹூதி. ரேடார் பரவிவிட்டதால் அதற்கு வேலையில்லாமல் போயிற்று.

கண்காட்சி விமானங்கள் அல்ல

அதே போரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் விடியலிலும் மேகமூட்டத்திலும் நூற்றுக்கணக்கில் மேலே எழும்பி, தத்தம் அணியைத் தேடிச் சேர வேண்டியிருந்தது. இதற்காகவே ஓய்வுபெற்ற பழைய விமானங்களுக்குக் கோடும் புள்ளியும் கட்டமுமாகக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்து, கூடுதல் விளக்குகளையும் வைத்து மேலே அனுப்பினார்கள். அணி சேர்ந்ததும் இவை வீடு திரும்பிவிடும், மற்றவை போருக்குப் போகும். அந்தக் குண்டுவீச்சு விமானங்களின் முதுகில் நீல நிறத்தில் சிறு அணி விளக்குகளும் இருந்தன. மேலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்கும் தோழனுக்கு மட்டும் தெரியும், தரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

இன்றைய விமானங்களில் அணி விளக்குகளுக்கு இரண்டு நிலை உண்டு. ஒன்று சாதாரணம். இன்னொன்றில் விளக்கு எரியும், ஆனால் வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அகச்சிவப்பு ஒளி மட்டும். இரவுப் பார்வைக் கண்ணாடி மாட்டியவருக்குப் பக்கத்து விமானம் ஜெகஜ்ஜோதியாகத் தெரியும். நட்சத்திர ஒளியையே பல்லாயிரம் மடங்கு பெருக்கும் கருவி அது.

இதில் ஒரு சங்கடம். அந்தக் கண்ணாடி தன் சொந்த விமானத்தின் அறை விளக்கையும் அதே போலப் பெருக்கிவிடும். சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தாலே பார்வை மொத்தமும் வெளுத்துப் போகும். ஆகவே உள்ளே உள்ள ஒவ்வொரு கருவியின் விளக்கையும் சிவப்பு நீக்கி, வடிகட்டியிட்டு, நீலப் பச்சையாக மாற்ற வேண்டும். வெளி விளக்கை மாற்றுவதைவிட உள் விளக்கை மாற்றுவதே அதிக வேலை.

நம் விமானப் படை இதை எவ்வளவு தூரம் பழகியிருக்கிறது என்பதற்கு 2023 ஏப்ரல் 27-க்கும் 28-க்கும் இடைப்பட்ட இரவைச் சொல்ல வேண்டும். சூடானில் உள்நாட்டுப் போர். கார்ட்டூமுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் வாடி சய்யிட்னா என்ற சிறிய, பழுதுபட்ட ஓடுபாதை. அங்கே வழிகாட்டும் கருவியும் இல்லை, எரிபொருளும் இல்லை. முக்கியமாக, இரவில் இறங்கத் தேவையான விளக்கும் இல்லை. நம் சி-130ஜே விமானம் அகச்சிவப்புக் கேமராவால் ஓடுபாதையில் தடை ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு, விமானிகளின் இரவுப் பார்வைக் கண்ணாடியை நம்பி இறங்கியது. அங்கே சிக்கியிருந்த 121 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. அவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார். 2024 ஜனவரியில் இதே வகை விமானம் மலைகள் சூழ்ந்த கார்கில் தளத்தில் முதன்முறையாக இரவில் இறங்கியது.

கண்ணாடி மாட்டினால் பகலாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் பார்வை அகலம் பொதுவாக 40 பாகைதான். தூரம் மதிப்பிடுவது கடினம். 1996 ஜூன் 12 அன்று ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் அருகே, இரவுப் பார்வைக் கண்ணாடியோடு அணியாகப் பறந்த இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் மோதி 18 வீரர்கள் மாண்டார்கள். 2023 ஜூலை 28 இரவில் அதே நாட்டில் லிண்டெமன் தீவருகே, அணியில் பறந்த தைப்பான் ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். இரண்டும் பயிற்சிப் பறத்தல்கள்தாம். போரே இல்லாத காலத்திலும் இந்த வேலைக்கு இப்படியொரு விலை இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

கொச்சியில் பிறந்த கப்பலில் ஒரு நள்ளிரவு

கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்தில், 2023 மே 24 இரவில் முதன்முறையாக மிக்-29கே இறங்கியது. கடலில் ஆடிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கும் இரும்புத் தளத்தில், இருட்டில், தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பி வடத்தில் வாலின் கொக்கியை மாட்டி நிற்க வேண்டும்.

கப்பலில் இறங்கும் போர் விமானங்களின் முன் சக்கரக் காலில் சிறிய வண்ண விளக்குகள் இருக்கும், அநேகம் பேர் கவனிப்பதில்லை. அவை விமானிக்காக வைத்தவை அல்ல. தளத்தின் ஓரத்தில் நின்று விமானத்தை வழிநடத்தும் அதிகாரிக்காக. அமெரிக்கக் கடற்படை முறையில் மஞ்சள் எரிந்தால் மூக்கின் சாய்வும் வேகமும் சரி. பச்சை எரிந்தால் வேகம் குறைந்துவிட்டது. சிவப்பு எரிந்தால் வேகம் அதிகம். இருட்டில் விமானத்தின் உருவமே தெரியாத நிலையில் அந்த ஒரு நிறத்தைப் பார்த்தே அவர் 'இறங்கு' என்றோ 'வேண்டாம், மேலே போ' என்றோ சொல்கிறார்.

 

தும்பாவின் ஆரஞ்சு மேகம்

போர் விமானத்துக்குத் தொடர்பில்லை, ஆனாலும் திருவனந்தபுரத்து வானில் எரிந்த விளக்குகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட மனம் வரவில்லை. 1963 நவம்பர் 21, மாலை 6.25. தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட் உச்சத்தில் சோடியம் ஆவியை வெளியிட்டது. தரையில் இருட்டிவிட்டது, அந்த உயரத்தில் இன்னும் வெயில். வெயில் பட்ட சோடியம் ஆரஞ்சு நிறத்தில் எரிய, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மேல் வளிமண்டலக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அளக்கத்தான் அந்த மேகம். எல்லோரும் பார்க்கட்டும் என்று ஏற்றிய விளக்கு அது.

ஆக்குளம், சூலூர், தஞ்சாவூர்

1984 ஜூலையில் தொடங்கிய இந்திய விமானப் படையின் தெற்குக் கட்டளையகம் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கிறது. அதன் போர் விமானப் படைப்பிரிவுகள் நிலையாக இருப்பது தமிழ்நாட்டில்: சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய்-30. தஞ்சாவூரின் 222-ஆம் ஸ்குவாட்ரன் 2020 ஜனவரி 20 அன்று அங்கே தொடங்கியது. இந்தியப் பெருங்கடல் மேல் வெகுதூரம் போக வேண்டிய விமானங்கள் இவை. அதற்கு வானிலேயே எரிபொருள் நிரப்ப வேண்டும். ஆக்ராவில் இருக்கும் ஐ.எல்.-78 டேங்கர் விமானங்கள் அந்த வேலைக்கு.

இரவில் எரிபொருள் நிரப்புவதுதான் அணிப் பறத்தலின் உச்சம். டேங்கரின் இறக்கைக்குக் கீழிருந்து நீண்ட குழாய் பின்னால் மிதந்து வரும், நுனியில் கூடை. அந்தக் கூடைக்குள் தன் விமானத்தின் கம்பியை விமானி செருக வேண்டும். கூடைக்கும் வெளிச்சம் உண்டு. குழாய் வெளிவரும் இடத்தில் போக்குவரத்து விளக்கு போலச் சிவப்பு, மஞ்சள், பச்சை உண்டு. சிவப்பென்றால் கிட்டே வராதே, மஞ்சளென்றால் செருகலாம், பச்சையென்றால் எரிபொருள் பாய்கிறது. ரேடியோவில் ஒரு சொல்கூடப் பேசாமல் முழு வேலையையும் முடித்துவிடலாம். பேசினால் எதிரி கேட்பான் என்பதால் பெரும்பாலும் பேசுவதும் இல்லை.

வீடு திரும்பும்போது

இரவுப் பறத்தல் முடிந்து தளத்தை நெருங்கியதும் நெருக்கமான அணி கலையும். ஒருவர் பின் ஒருவராக, ரேடாரில் முன்னவரைப் பார்த்தபடி, இடைவெளி விட்டு வரிசையில் வருவார்கள். பிரிந்த ஒவ்வொருவரும் தன் டிரான்ஸ்பாண்டரைப் போடுவார், ஸ்ட்ரோபைப் போடுவார், மங்கலாக்கிய இறக்கை விளக்கை முழு வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார், சக்கரத்தை இறக்கியதும் லேண்டிங் லைட்டையும் போடுவார். அதுவரை கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒன்றாக இருந்த புள்ளி நான்காகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இறங்க அனுமதி கொடுக்க வேண்டிய வேலை தரையில் தொடங்கும்.